முகம் கழுவும் திரவத்தில் அடங்கியவை

புட்டியின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் பெயர்களை மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும். எது மிகுதியாக உள்ளதோ அது முதலில் நிற்கும். எது மிகக் குறைவோ அது கடைசியில் நிற்கும். பெரும்பாலானோர் முதல் இரண்டு பெயர்களை வாசித்துவிட்டுப் புட்டியைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை கூற இயலாது. எழுத்து மிகவும் பொடியாக உள்ளது.

டீச்சர், ஓராண்டுக்கு முன்பு நீங்கள் என்னை எழுதச் சொன்ன கட்டுரை இது. தாமதத்திற்கு மன்னிக்க வேண்டுகிறேன். இதை உங்கள் கணவர்தான் உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்பதால், அவருக்குச் சிரமம் ஏற்படாதவாறு ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறேன். முன்னுரையில் பொருளை அறிமுகப்படுத்த வேண்டும், நடுவில் விளக்க வேண்டும், முடிவில் சொந்தக் கருத்தைக் கூற வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டீர்கள். அம்முறையையே பின்பற்றுகிறேன். இடையில் வரும் சில செய்திகள் பொருளுக்குப் புறம்பானவை போலத் தோன்றலாம். அவையும் அந்தப் புட்டிக்குள் இருந்தவையே.

முதலாவது நீர். நூற்றில் எழுபது பங்குக்கு மேல் நீர்தான். புட்டியில் அதற்கு ‘அக்வா’ என்று பெயர். அதைக் கேட்டு நீங்கள் வகுப்பில் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. “தண்ணிக்கு எதுக்குக்கா இவ்ளோ பெரிய மனுஷப் பேரு?” என்றீர்கள்.

அந்த வகுப்பறையைப் பற்றி இங்கே கூறுவது பொருத்தம். பகலில் அங்கே ஐந்து வயதுக் குழந்தைகள் படித்தார்கள். மாலையில் அதே நாற்காலிகளில் நாங்கள் ஒன்பது பேர், முழங்கால் மேசையில் இடிக்க, உட்கார்ந்தோம். துணி தைப்பவர் ஒருவர், பேருந்து கழுவுபவர் ஒருவர், நான். எனக்கு நாற்பத்து மூன்று வயது, உங்களுக்கு முப்பத்தொன்று. நீங்கள் என் வலக்கைச் சுட்டுவிரலைப் பிடித்து, முதல் எழுத்தின் கீழே வைத்து, “விரல் நகர்ந்தாத்தான் கண்ணு நகரும்க்கா. விரலை எடுக்காதீங்க” என்றீர்கள். என் கை சலவை உப்பில் வெந்து தோலுரிந்திருந்தது. நீங்கள் அருவருப்புக் கொள்ளவில்லை. இதை நான் மறந்ததாக எண்ணிவிட வேண்டாம்.

ஒருநாள் தூசி விழுந்ததென்று உங்கள் கண்ணிலிருந்து மெல்லிய வில்லையைக் கழற்றி, விரல் நுனியில் வைத்து எங்களுக்குக் காட்டினீர்கள். பேருந்து கழுவுபவர் எழுந்து வந்து பார்த்தார்.

“அப்ப டீச்சர், கண்ணைக் கழட்டி டப்பாவுல வச்சுட்டுத்தான் தூங்குவீங்களா?”

“ஆமாண்ணே. காலையில எழுந்து டப்பா எங்கேன்னு தேடணும்ல, அதுக்குத்தான் கண்ணே இருக்காது.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

இரண்டாவது, அழுக்கை நீக்கும் பொருள். தேங்காயிலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் எடுக்கப்படுவது. நுரை குறைவு, எரிச்சலும் குறைவு. இதனால்தான் இத்திரவத்தை ‘மென்மையானது’ என்கிறார்கள். மூன்றாவது கிளிசரின். அது தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அடுத்து வருபவை முகப்பொலிவுக்கானவை: நியாசினமைடு என்னும் வெண்பொடி, அதிமதுர வேரின் சாறு. இவை முகத்தை வெளுக்கச் செய்வதில்லை. கறையைச் சிறிது சிறிதாக மங்கச் செய்து, உள்ளதைத் தெளிவாகக் காட்டுகின்றன. பல வாரம் பொறுத்திருப்பவர்களுக்கே பலன் தெரியும். பொறுமையற்றவர்கள் வேறு புட்டி வாங்கிவிடுகிறார்கள்.

ஆறாவது அமிலம். பாலைப் புளிக்கச் செய்யும் அதே அமிலம்தான். மிகச் சிறிதளவு சேர்த்தால் இறந்த தோலை மெதுவாக உதிர்க்கும். அளவு மீறினால் இறவாத தோலையும் உதிர்க்கும். இவ்விடத்தில் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. வாசிப்பவர் நிறுத்தாமல் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இத்திரவத்தைத் தயாரிக்கும் தொழிற்சாலையில் மூலப்பொருள்களை நிறுக்கும் அறை தனியாக உள்ளது. வெள்ளை ஓடு பதித்த சுவர், எஃகு மேசை, பெரியதும் சிறியதுமாக இரண்டு தராசுகள். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு தாள் உண்டு. தாளில் ஒவ்வொரு பொருளின் பெயருக்கு எதிரேயும் இரண்டு கட்டங்கள் இருக்கும். முதற்கட்டத்தில் நிறுத்தவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது கட்டத்தின் தலைப்பு ‘அருகிலிருந்து பார்த்தவர்’ என்பது. ஒருவர் கை தவறினால் மற்றவர் கண் தவறாது என்பதே இதன் நோக்கம். நல்ல ஏற்பாடு.

அங்கே மேற்பார்வையாளராக இருப்பவர் காலையில் தேநீர் அருந்தியபடியே அன்றைய தாள்கள் அனைத்திலும் இரண்டாவது கட்டத்தை நிரப்பிவிடுவார். “ஒவ்வொண்ணுக்கும் என்னைத் தேடிட்டு ஓடி வராதீங்க. கையெழுத்து ரெடியா இருக்கு, வேலையைப் பாருங்க” என்பார். அவர் கெட்டவர் அல்லர். யாரையும் கடிந்து பேசியதில்லை. பார்ப்பதற்கு மட்டும் அவருக்கு நேரம் இருந்ததில்லை.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு அந்த அறையில் நிறுப்பவளாக ஒரு பெண் இருந்தாள். எண் தெரியும், எழுத்துத் தெரியாது. “படிக்கத் தெரியலைன்னா என்னம்மா, மூடி நிறம் பார்த்து எடு” என்று அவளுக்குச் சொல்லித் தந்தவர் மேற்பார்வையாளர்தான். நீல மூடியிட்ட கேனில் நீர் கலந்த அமிலம். வெள்ளை மூடியிட்டதில் கலக்காதது. மூன்றாண்டுகள் அவள் மூடியைப் பார்த்தே நிறுத்தாள். ஒருமுறையும் பிழை நேரவில்லை. ஒருநாள் புதிதாக வந்த கேன்களில் மூடிகளின் நிறம் மாறியிருந்தது. அனுப்பியவர்களிடம் வெள்ளை மூடி தீர்ந்துபோயிற்றாம். கேனின் மேல் எல்லாம் சரியாகவே அச்சிடப்பட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் நின்றிருந்தால், ஒரு நொடியில் முடிந்திருக்கும் செய்தி அது. அருகில் நின்றவர் இல்லை. அவருடைய கையெழுத்து இருந்தது.

அந்தக் கலவையால் ஆறு பெண்களுக்கு முகம் வெந்தது. விசாரணை நடந்தது. தாளில் இரண்டாவது கையெழுத்து இருந்ததால், தாம் அருகிலிருந்து பார்த்ததாகவே மேற்பார்வையாளர் கூற வேண்டியதாயிற்று. பார்த்தபோது அளவு சரியாக இருந்ததென்றால், பிறகு யாரோ ஊற்றியிருக்க வேண்டும். அந்த ‘யாரோ’ அவளாகத்தான் இருக்க முடியும். எனவே ஒரு தாள் எழுதப்பட்டது; அதில் அவளுடைய இடது பெருவிரல் ரேகை பெறப்பட்டது.

அவள் என் தங்கை. எனக்கும் அவளுக்கும் பதினான்கு வயது இடைவெளி. அம்மா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. நான்தான் வளர்த்தேன். அவளைச் ‘சின்னவளே’ என்றுதான் அழைப்பேன். அவள் இல்லாமற் போனபின் அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

வீட்டிற்கு வந்து அவள் சொன்னது ஒன்றுதான். “மூடி நீலமாத்தான் இருந்துச்சுக்கா. நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன்.” ஒரு மாதம் அதையே சொன்னாள். நான், “ரேகை வச்ச தாள்ல என்னடி எழுதியிருந்துச்சு?” என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும்? சம்பளத் தாள் மாதிரி இருந்துச்சு. சார்தான் என் விரலைப் பிடிச்சு வச்சாரு” என்றாள். தெருவில் அவளை ‘முகம் பொசுக்கி’ என்று அழைத்தார்கள். வேறு எந்த நிறுவனமும் அவளை எடுக்கவில்லை. ஆறாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில், நான் விடுதியொன்றில் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் வாழ்வை முடித்துக்கொண்டாள். எவ்வாறு என்பது இக்கட்டுரைக்குத் தேவையற்றது.

அலுவலகத்திற்குச் சென்று அத்தாளின் நகலைக் கேட்டேன். எழுத்துத் தெரியாதவள்தானே என்று எண்ணினார்களோ என்னவோ, கொடுத்துவிட்டார்கள். வழியில் செல்வோர் எவரிடம் நீட்டினாலும் வாசித்துச் சொல்லியிருப்பார்கள். நான் நீட்டவில்லை. என் தங்கையைப் பற்றி எழுதப்பட்டதை இன்னொருவர் வாயால் கேட்க எனக்கு விருப்பமில்லை. ஆண்டுகள் பல அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருந்தேன். பிறகு ஒரு மாலை, பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் முன் சிலர் கூடி நிற்கக் கண்டு, என்னவென்று கேட்டு, உங்கள் வகுப்பிற்கு வந்தேன்.

எழுத்துக் கூட்டி வாசிக்க ஏழு மாதமாயிற்று. உங்களுக்கு நினைவிருக்கலாம்; ஒருநாள் நான் வகுப்பிற்கு வரவில்லை. அன்று என் அடுப்படியில் உட்கார்ந்து, விரலை எடுக்காமல், அத்தாளை முழுவதும் வாசித்தேன். ‘மேற்பார்வையாளர் மீதிருந்த கோபத்தால் வேண்டுமென்றே அதிக அமிலத்தை ஊற்றினேன். இதனை எனக்கு வாசித்துக் காட்ட, கேட்டு, புரிந்துகொண்டு, ரேகை வைக்கிறேன்.’ கீழே, வாசித்துக் காட்டியவர் என்று மேற்பார்வையாளரின் கையெழுத்து இருந்தது. கூட்டி வாசித்த முதல் முழுப் பக்கம் அதுவே. மறுநாள் வந்தபோது, “என்னக்கா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?” என்றீர்கள். தலைவலி என்றேன்.

அதன்பின் அதே தொழிற்சாலையில் வேலைக்கு விண்ணப்பித்தேன். அந்த விபத்துக்குப் பிறகு நிறுக்கும் அறைக்கு வாசிக்கத் தெரிந்தவர்களை மட்டுமே எடுத்தார்கள். மேற்பார்வையாளர் ஒரு கேனை நீட்டி, “இதைப் படிங்க” என்றார். பிழையின்றிப் படித்தேன். “பரவாயில்லையே. யாரு சொல்லிக் கொடுத்தா?” என்றார். ஒரு டீச்சர் என்றேன். அவர் மேலும் கேட்கவில்லை. எனக்கும் என் தங்கைக்கும் முகஜாடை இருந்தது. அதை அவர் பார்க்கவில்லை. பார்ப்பது அவர் வழக்கமன்று என்று முன்னரே எழுதியிருக்கிறேன்.

ஓர் ஆண்டு அங்கே நன்றாக வேலை செய்தேன். அக்காலத்தில் என் மனத்தில் எந்தத் திட்டமும் இல்லை. அவர் கையெழுத்திடுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவே. ஒரு நண்பகலில் அவர் தம் சாப்பாட்டுப் பையை மறந்து என் மேசை மேல் வைத்திருந்தார். டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘இன்னிக்காவது முழுசா சாப்பிடுங்க. தண்ணி குடிங்க. என்னை நினைச்சுக்குங்க.’

அந்தக் கையெழுத்தை நான் ஏழு மாதம் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறேன். உலகில் எனக்கு முதலில் பழக்கமான கையெழுத்து அது. என்னுடையதே அதன் நகல்தான்.

அவர் திரும்பி வந்தார், சீட்டைப் பிரித்தார், நின்றபடியே இருமுறை வாசித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு தாளை அவர் முழுமையாக வாசித்ததை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

வேலைக்குச் சேர்ந்தபின் வகுப்பிற்கு ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தேன்; அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் எங்கே வேலை செய்கிறேன் என்பதை உங்களிடம் கூறினேன். நீங்கள் மேசையைத் தட்டிச் சிரித்தீர்கள்.

“அட, எங்க வீட்டுக்காரரும் அங்கதான்க்கா. அவரு கொண்டு வர்ற பாட்டில்லதான் நான் தினமும் மூஞ்சி கழுவுறேன். எனக்கு வேற எதைப் போட்டாலும் தடிச்சுப் போயிடும். பின்னாடி எல்லாம் நம்ம எழுத்துலதான் போட்டிருக்கு, ஆனா படிச்சா ஒரு எழவும் புரியல. நீங்கதான் அதுக்கெல்லாம் பக்கத்துலயே இருக்கீங்களே, என்னென்ன இருக்கு, எது எதுக்குன்னு எனக்கு ஒரு கட்டுரை எழுதிட்டு வாங்க. இந்தத் தடவை நீங்க டீச்சர், நான் ஸ்டூடண்ட்.”

அன்று வீடு திரும்பும் வழியிலும் நான் எதையும் முடிவு செய்யவில்லை. பேருந்தில் இருக்கை கிடைத்தது. சன்னல் ஓரம்.

இனி, பட்டியலில் கடைசிக்கு முந்தைய பொருளைக் காண்போம். அதன் பெயர் நீளமானது, வாயில் நுழையாது. ஆய்வகத்தில் கிருமிகளை எண்ணும் அம்மையார் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைக் கிருமியம்மா என்போம், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. கட்டுரைக்காகக் குறிப்பெடுக்க அவரிடம்தான் சென்றேன்.

“இதைத்தான் எல்லாரும் விஷம், விஷம்னு திட்டுறாங்க” என்றார் அவர். “இது இல்லன்னா தெரியும் சேதி. தண்ணியையும் சர்க்கரையையும் சேர்த்து வச்சா கிருமிக்கு அது விருந்து வீடு. இவன்தான் வாசல்ல நிக்கிற காவல்காரன். நூத்துல ஒரு பங்குகூட இல்ல. ஆனா இவன் இல்லாத வீட்டுல எவன் வேணா வந்து குடியிருப்பான்.”

“குடியிருந்தா என்னம்மா ஆகும்?”

“சும்மா தோலுன்னா கட்டி வரும், போயிடும். கண்ணுக்கு லென்ஸ் போடுறவங்க பாடுதான் மோசம். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கும். ரெண்டே நாள்ல கருவிழி பால் மாதிரி ஆயிடும். எதுக்குக் கேக்குறீங்க?”

“ஒரு கட்டுரைக்கு.”

“இந்த வயசுலயா? சபாஷ்” என்று என் முதுகில் தட்டினார். அவர் மீது எந்தப் பழியும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பெரிய கலவைக்கு முன்னால் சிறிய அளவில் ஒரு மாதிரிக் கலவை செய்வது எங்கள் வழக்கம். நிறம், மணம், கெட்டித்தன்மை மூன்றையும் அதில் பார்ப்பார்கள். அது விற்பனைக்குச் செல்லாது என்பதால் கிருமிச் சோதனை கிடையாது. எஞ்சிய புட்டிகளை ஊழியர்கள் வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். மேற்பார்வையாளர் ஆறு புட்டிகளை முதலில் எடுத்துக்கொள்வார். அந்த மாதத்து மாதிரிக் கலவையின் தாளில், காலைத் தேநீரோடு, எல்லா வரிகளுக்கும் எதிரே அவருடைய கையெழுத்து இருந்தது. நான் ஒவ்வொன்றாக நிறுத்தேன். காவல்காரனின் வரிக்கு வந்தபோது கேனின் முத்திரையை உடைக்கவில்லை. அளவைத் தாளில் எழுதினேன். என் கையெழுத்தை இட்டேன். அடுத்த வரிக்குச் சென்றேன்.

டீச்சர், இதைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். நான் அந்தத் திரவத்தில் எதையும் சேர்க்கவில்லை. நஞ்சு கலந்தவள் என்று நாளை எவரேனும் கூறினால் அது உண்மைக்குப் புறம்பானது. பெரும்பாலானோர் வேண்டாம் என்று திட்டும் ஒரு பொருளை விட்டுவிட்டேன், அவ்வளவே. அதனுடன் மூன்று வாரக் காத்திருப்பைச் சேர்த்தேன். காத்திருப்புக்குப் பட்டியலில் இடமில்லை.

அந்த மூன்று வாரமும் புட்டிகள் வெதுவெதுப்புக் குறையாத கொதிகலன் அறையின் அலமாரியில் இருந்தன. அவர் நாளும் கேட்டார். “என்னம்மா, சாம்பிள் பாட்டில் எங்க? வீட்டுல தீர்ந்துபோச்சு, என்னைப் போட்டுத் தொளைக்கிறா.”

“ஆய்வகத்துல இன்னும் சொல்லல சார். அடுத்த வாரம் தரேன்.”

நீங்கள் எனக்கு எழுத்தைத் தந்தவர் என்ற நன்றி என்னிடம் இருந்ததால்தான் மூன்று வாரம் பொறுத்தேன். அதற்குள் நீங்கள் கடையில் வேறு புட்டி வாங்கியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். நீங்கள் வாங்கவில்லை. கணவர் கொண்டு வருவார் என்று நம்பியிருந்தீர்கள்.

புட்டிகளைக் கொடுத்த நாளில் ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். மணம் மாறவில்லை. பட்டியலில் கடைசியாக நிற்கும் நறுமணப் பொருளின் பணி இதுதான். எல்லாவற்றையும் அது இனிமையாக மூடிவிடுகிறது. ஆறு புட்டிகளை அவர் பையில் வைத்தேன். மற்றவற்றை யார் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. புட்டி நிரப்பும் பெண் ஒருத்தி சில வாரம் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தாள். அது இதனால்தான் என்பதற்குச் சான்று இல்லை.

அவரை விட்டு உங்களை ஏன் தேர்ந்தேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவர் முகம் கழுவுவது வெறும் சோப்பில். மேலும், அவர் கண் இருந்தும் பார்க்காதவர். அவரிடமிருந்து கண்ணை எடுப்பது, ஒருவர் பயன்படுத்தாத பொருளை எடுப்பது போன்றது. அவர் வாசித்து மடித்து வைத்துக்கொள்ளும் ஒன்றை எடுத்தால்தான் அவருக்குத் தெரியும். என்னிடமும் ஒருத்தி அவ்வாறு இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வகுப்பில் வலக் கண்ணைக் கசக்கினீர்கள். “மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுக்கா” என்றீர்கள். அப்போதே காரணம் தெரிந்திருந்தால் கண் பிழைத்திருக்கும் என்று மருத்துவர்கள் பின்னர் சொன்னதாக அறிந்தேன். நான் என் கைக்குட்டையைத் தந்தேன். அது துவைத்த கைக்குட்டை, மிகவும் சுத்தமானது.

ஐந்தாம் நாள் வலக் கண்; பத்தாம் நாள் இடக் கண். வில்லையைச் சரியாகக் கழுவாதது உங்கள் பிழை என்று மருத்துவமனையில் எழுதிவிட்டார்கள். நீங்களும் அதை ஏற்றுக்கொண்டு, “என் சோம்பேறித்தனம்க்கா” என்று என்னிடமே சொன்னீர்கள். எதைச் சொன்னாலும் அப்படியே நம்பி ரேகை வைப்பவர்கள் எழுத்துத் தெரியாதவர்கள் மட்டும் அல்லர் என்று அன்று அறிந்துகொண்டேன்.

அவருக்குத் தெரிய வேண்டுமல்லவா. ஒரு மாதம் கழித்து, நிறுக்கும் அறையில், மாதிரிக் கலவையின் தாளையும் முத்திரை உடையாத கேனையும் அவர் முன் வைத்தேன்.

“சார், இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா. என்ன இப்ப?”

“இந்த வரியைப் படிங்க சார். பிறகு கேனைப் பாருங்க.”

அவர் படித்தார். கேனைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். தமது சட்டைப் பையைத் தொட்டார். பிறகு அருகிலிருந்த பீப்பாயின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

“நீ... நீங்க மறந்துட்டீங்களாக்கா?” அதுவரை அவர் என்னை அக்கா என்றதில்லை.

“நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்களே சார். கையெழுத்து இருக்கே.”

“யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். “அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.” நான் சொல்லவில்லை. என் தங்கை உட்கார்ந்த இடத்தில் அவரை உட்கார வைத்தாயிற்று. தாளில் ஒன்று, உண்மையில் ஒன்று, நடுவில் அவர். அத்துடன் முடித்துக்கொள்ளவே எண்ணியிருந்தேன். நீங்கள் நம்ப வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் வீட்டிற்கு வந்து செய்தித்தாள் வாசித்தேன். “நல்லா வாசிக்கிறீங்கக்கா. எங்கேயும் தடங்கலே இல்ல” என்பீர்கள். அந்தப் பாராட்டு எனக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் சென்ற ஞாயிறு, நான் புறப்படும்போது, என் கையைப் பிடித்துக்கொண்டு இவ்வாறு கூறினீர்கள்: “ஒண்ணு சொல்லட்டுமாக்கா? தப்பா நினைக்காதீங்க. முன்ன அவரு வீட்டுல இருந்தாலும் கம்பெனியிலதான் இருப்பாரு. இப்ப பக்கத்துலயே இருக்காரு. தலை வாரி விடுறாரு, ஊட்டி விடுறாரு, தினமும் ஏதாவது வாசிச்சுக் காட்டுறாரு. சில நேரம் ஏன்னே தெரியாம அழுவாரு. நான் கேக்க மாட்டேன். கண்ணு போனதுல இந்த ஒரு நல்லது நடந்துச்சு.”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். தெருமுனை வரை நடந்தேன். அவருக்கு அருகிலிருந்து பார்க்கும் பாக்கியத்தை நானே ஏற்படுத்திக் கொடுத்திருக்கிறேன் என்பது அங்கே நின்றபோதுதான் விளங்கியது. என் தங்கைக்குக் கடைசி ஆறு மாதம் எவரும் தலை வாரவில்லை. நான் வேலைக்குப் போய்விட்டேன்.

ஆகவே இக்கட்டுரையை இன்னும் தாமதப்படுத்துவது சரியன்று எனத் தோன்றியது. மாணவி தன் கடமையை முடிக்க வேண்டும். வேறு காரணம் எதுவும் இல்லை.

முடிவுரை. மென்மையான முகம் கழுவும் திரவத்தில் எட்டுப் பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏழினை உங்கள் முகத்திற்காக நான் சரியாக நிறுத்தேன். எஞ்சிய ஒன்றை, காவல்காரனை, வேண்டுமென்றே விட்டேன். இதை ஒருவரும் என் விரலைப் பிடித்து எழுத வைக்கவில்லை. என் கையால், என் நினைவோடு, நீங்கள் கற்பித்த எழுத்தில் எழுதியிருக்கிறேன். எதையும் மறைக்கவில்லை.

புதன்கிழமை பகலில், அவர் வேலைக்குச் சென்றபின், இந்த நோட்டை உங்கள் கையிலேயே கொடுப்பேன். கட்டுரை என்றதும் நீங்கள் மகிழ்வீர்கள். மாலையில் அவர் வந்ததும் வாசிக்கச் சொல்வீர்கள். நீரையும் கிளிசரினையும் அவர் நன்றாகவே வாசிப்பார். நோட்டை அவர் ஒளித்துவிட முடியாது. ஒரு கட்டுரையையும் நீங்கள் திருத்தாமல் விட்டதில்லை, திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். தாமாக ஏதேனும் இட்டுக்கட்டி வாசிக்கவும் அவரால் முடியாது. என் நடை உங்களுடைய நடை, இரண்டாவது வாக்கியத்திலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

ஆயினும் அமிலம் பற்றிய பகுதிக்கு வரும்போது அவர் குரல் ஓர் இடத்தில் நிற்கும். அப்போது அவரை வற்புறுத்த வேண்டாம். அவர் கையிலிருந்து நோட்டை வாங்கி, அவர் நிறுத்திய வரி எதுவென்று கேட்டு, அதன் மேல் உங்கள் பெருவிரலை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போல வந்து, அங்கிருந்து மீதியை உங்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.